காலிலும் நாடி உண்டு

பாகாயத்தில் கடைசி டவுன் பஸ் போன பிறகு தெரு அடங்கிவிடும். அப்படி அடங்கிய ஒரு ராத்திரி. மணி இரண்டு இருக்கும். பிள்ளைகளோடு பாயில் படுத்திருந்தவள் எதற்கோ கண் விழித்தாள். கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னாங்க, தூக்கம் வரலையா?”

“ஒண்ணுமில்ல. காலைத் தொங்கவுட்டா கொஞ்சம் தேவலாம் போல இருக்குது. நீ படு.”

அவளும் படுத்துவிட்டாள். அந்தப் பதிலுக்குள்ளேயே நோயின் அடையாளம் இருந்தது என்பது மூன்று வாரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவருக்கு வயது முப்பத்தொன்பது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. பதப்படுத்தி முடித்த தோலை விரலால் தடவிப் பார்த்தே எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே தழும்பு என்று சொல்லிவிடுவார். கம்பெனி வேன் வேலூரில் இறக்கிவிடும். அங்கிருந்து காட்பாடி, பாகாயம் இடையே ஓடும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸோ இரண்டாம் நம்பர் பஸ்ஸோ பிடித்து வருவார். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை.

அந்தப் பத்து நிமிடம் எட்டு மாதமாகவே இருபது நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. பாதி வழியில் பெட்டிக் கடை வாசலில் நின்று போனைப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி நடப்பார். திருப்பத்தில் இன்னொரு முறை நிற்பார். யாரோடோ பேசிவிட்டு வருகிறார் என்று வீட்டில் நினைத்தார்கள். உண்மையில் உள்ளங்கால் வளைவில் கயிறு போட்டு முறுக்குவதுபோல வலி வரும். நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். நடந்தால் மறுபடி வரும். நடக்கும் தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும். வழி அடைத்திருந்தால் அது கிடைக்காது. நின்றுவிட்டால் தேவை குறைகிறது, வலியும் அடங்குகிறது.

இது தெரியாமல் வீட்டில் எல்லா வைத்தியமும் நடந்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் வந்த வலி என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினார்கள். மாமியார் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி நரம்புக்கு ஊசி போட்டார்கள். எலும்பு நன்றாகத்தான் இருந்தது. ரத்தம் ஓடுகிறதா இல்லையா என்பது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டும்போது கால் சுண்டுவிரலில் சின்னக் கீறல் விழுந்தது. ஆறவில்லை. இரண்டு வாரத்தில் விரல் நிறம் மாறிவிட்டது. குரோமில் ஊறி எடுத்த தோலுக்கு ஒரு சாம்பல் நீலம் வரும். கம்பெனியில் அதை ‘வெட் ப்ளூ’ என்பார்கள். அவர் தன் விரலைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னது அதைத்தான்: “இது வெட் ப்ளூ கலருக்கு வந்துடுச்சி.”

மறுநாள் காலை அவள் பீடி முறத்தை எடுத்து வைத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்தது இளம் வயது டாக்டர். அந்தப் பெண் ஸ்கேன் எதையும் கேட்கவில்லை. குனிந்து, அவருடைய பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார். அப்படியே அசையாமல் இருந்தார். பிறகு உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் வைத்தார். பிறகு முழங்காலுக்குப் பின்னால். கையில் நாடி பிடிப்பதைத்தான் அவள் இத்தனை நாள் பார்த்திருக்கிறாள். காலில் பிடிப்பதை அன்றுதான் பார்த்தாள்.

“அண்ணா, முட்டிக்குப் பின்னாடி நாடி நல்லா இருக்கு. பாதத்துல ரெண்டு இடத்துலயும் இல்ல” என்றார் டாக்டர்.

எட்டு மாதமாக அந்தக் காலை எத்தனையோ பேர் பார்த்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், கட்டுப் போட்டார்கள், படம் எடுத்தார்கள். விரல் வைத்து நாடி பார்த்தது இவர் ஒருவர்தான்.

டாக்டர் அவரைப் படுக்க வைத்துக் காலை உயரத் தூக்கிப் பிடித்தார். ஒரு நிமிடத்துக்குள் பாதம் வெளுத்தது. கீழே தொங்கவிட்டதும் மெல்ல மெல்லச் செக்கச் சிவந்தது. இதயம் தள்ளும் வேகம் போதாமல், புவியீர்ப்பின் தயவால் மட்டும் ரத்தம் பாதத்துக்கு இறங்குகிறது என்று அர்த்தம். ராத்திரி அவர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததும் அதற்குத்தான். உடம்பே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அது.

அடுத்து டாக்டர் கையைக் கேட்டார். வலி காலில்தானே என்று அவள் யோசிக்கும்போதே, அவரை முஷ்டியை இறுக்கி மூடச் சொல்லி மணிக்கட்டின் இரண்டு ரத்தக்குழாய்களையும் அழுத்திப் பிடித்தார். முஷ்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளங்கை வெளுத்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்துக் குழாயை மட்டும் விட்டார். உடனே சிவக்க வேண்டிய கை அப்படியே வெளுத்துக் கிடந்தது. கையில் வலியே இல்லை. ஆனால் அங்கேயும் ஒரு குழாய் அடைத்திருந்தது. 1929இல் எட்கர் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் சொல்லிக்கொடுத்த சோதனை இது. அவர் அதைக் கண்டறிந்தது இதே நோயாளிகளிடம்தான்.

“பீடியா, சிகரெட்டாண்ணா?”

அவர் பதில் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். “பீடிதாம்மா. ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு. பதினாறு வயசுலருந்து.”

அந்தப் பீடி எங்கிருந்து வருகிறது என்பதை அவள் சொல்லவில்லை.

ஸ்கேனும், குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுத்த படமும் டாக்டர் சொன்னதையே காட்டின. முழங்கால் வரை ரத்தக்குழாய் வழவழவென்று இருந்தது. அதற்குக் கீழே திடீரென்று அறுந்தது போல நின்றது. சுற்றிலும் சின்னச் சின்னக் குழாய்கள் சுருள் கம்பி போல வளைந்து வளைந்து ஓடின. நோயின் பெயர் பர்கர் நோய்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் பாவமாகக் கேட்டான்: “அப்பா பர்கர் சாப்பிட்டதே இல்லையேம்மா?” அந்த ஒரு வாரத்தில் வீட்டில் எல்லோரும் சிரித்தது அப்போதுதான்.

இந்தப் பர்கர் ஒரு மனிதரின் பெயர். நியூயார்க்கில் இருந்த லியோ பர்கர் என்ற மருத்துவர், வெட்டி எடுக்கப்பட்ட பதினோரு கால்களைச் சோதித்து 1908இல் இந்த நோயை விவரித்தார். அவருக்கு முன்பே 1879இல் வியன்னாவில் வினிவார்ட்டர் என்பவர் இதைக் கண்டு எழுதியிருந்தார். வயதானவர்களுக்கு வருவதுபோலக் கொழுப்புப் படிந்து வரும் அடைப்பு அல்ல இது. கை, கால்களில் உள்ள சிறிய, நடுத்தரக் குழாய்களின் சுவர் அழன்று, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துவிடுகிறது. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருகிறது. உடம்பு ஏன் தன் குழாய்களையே இப்படிச் சுட்டுக்கொள்கிறது என்பதற்கு நூறு வருடம் தாண்டியும் முழு விடை இல்லை. ஒன்று மட்டும் எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட எல்லா நோயாளியிடமும் இருக்கிறது. புகையிலை.

பக்கத்துக் கட்டிலில் வாணியம்பாடிப் பெரியவர் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயாளி. அவருடைய தொடையிலிருந்த சிரையை, அதாவது இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டிப் புதுப் பாதையாகத் தைத்திருந்தார்கள். சிரைக்குள் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவுகள் உண்டு. அதனால் எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித் தைப்பார்கள், அல்லது கதவுகளை வெட்டிவிடுவார்கள். பெரியவரின் பாதம் மறுநாளே சூடாகிவிட்டது.

“அவருக்குப் பண்ணின ஆபரேஷனை எங்க வீட்டுக்காரருக்கும் பண்ணக் கூடாதாம்மா?” என்று அவள் கேட்டாள்.

டாக்டர் ஒரு காகிதத்தில் ஏரியும் கால்வாயும் வரைந்தார். ஏரியில் தண்ணீர் இருக்கிறது. நடுவில் கால்வாய் தூர்ந்துவிட்டது. பக்கத்தில் புதுக் கால்வாய் வெட்டலாம். ஆனால் அது போய்ச் சேர, கடைமடையில் ஒரு வாய்க்காலாவது திறந்திருக்க வேண்டும். பெரியவருக்கு இருந்தது. பர்கர் நோயில் கடைமடை வாய்க்கால்கள்தான் முதலில் தூர்கின்றன. புதுக் குழாயைக் கொண்டுபோய்த் தைக்கப் பாதத்தில் இடம் கிடைப்பது அபூர்வம்.

பெரியவரின் நோயிலும் எல்லாம் முடிவாகிவிடவில்லை. கால் இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு அறுவை சிகிச்சை நல்லதா, பலூன் வைத்து விரிப்பது நல்லதா என்று 1,830 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. நல்ல சிரை கிடைத்தால் அறுவை சிகிச்சையே மேல் என்றது. அடுத்த வருடமே, முழங்காலுக்குக் கீழ் அடைப்பு உள்ள 345 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த இன்னோர் ஆய்வு, முதலில் பலூனே நல்லது என்றது. அதனால் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள்.

பர்கர் நோய்க்கும் தேடல் நிற்கவில்லை. ரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகள் உண்டு. குழாயைச் சுருங்கச் செய்யும் நரம்பு முடிச்சைத் துண்டிப்பது உண்டு. எலும்பு மஜ்ஜை செல்களிலிருந்து பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரித்த ஊசிக்கு 2016இல் இந்தியாவில் வரையறையோடு அனுமதி கிடைத்தது. ஆனால் இவை எல்லாம் பக்கத் துணைதான். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 112 பர்கர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புகையை விட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விரலோ காலோ இழக்காமல் தப்பினார்கள். விடாதவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் எதையாவது வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

“குறைச்சிக்கிறேன் டாக்டரம்மா” என்றார் அவர்.

“குறைக்கிறது கணக்கே இல்லண்ணா. நாளைக்கு ஒண்ணு குடிச்சாலும் நோய் நடக்கும். மெல்லுற புகையிலையும் கூடாது. இந்த நோய்க்கு நிக்கோட்டின் சூயிங்கம் கூட நாங்க தர யோசிப்போம். வேற மாத்திரை தரேன்.”

பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: “ஒத்தடம் வேண்டாம்கா. ரத்தம் இல்லாத கால் சூட்டைத் தாங்காது, வெந்துடும்.”

சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் ராத்திரி வலியில் அவர் அழுதார். “இந்தக் காலே வேணாம், வெட்டிப் போடச் சொல்லு” என்றார். மாமியார் மகனின் முதுகைத் தடவியபடி, “வலிக்குதுன்னா உசுரு இருக்குதுடா. வலி இல்லாத காலைப் பத்தி எங்கம்மா சொல்லுவாங்க” என்றார்.

அது பாகாயத்தின் பழைய கதை. அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகம். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக உதிர்ந்துவிடும் என்று உலகமே நம்பிய காலம் அது. அப்படி அல்ல, நோய் உணர்வை மட்டுமே எடுத்துக்கொள்கிறது, வலி தெரியாததால் பட்ட காயங்களே விரலைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். குணமானவர்கள் தங்கித் தொழில் கற்க அந்த வளாகத்திலேயே குடில்கள் இருந்தன. ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடிக்கும், அவர்களுக்குத் தெரியாது. அதனால் காவலுக்குப் பூனை கொடுத்து அனுப்புவாராம் பிராண்ட். உணர்வில்லாத பாதத்துக்காக மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகளை அவரும் அவருடைய குழுவினரும் செய்து பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகள் இன்று போடும் மென்மையான செருப்பு அந்த வழியில் வந்ததுதான்.

வலி காவல்காரன் என்பது பிராண்ட் வாழ்நாள் முழுக்கச் சொன்ன பாடம். பாகாயத்து வீட்டில் அந்தக் காவல்காரன் எட்டு மாதம் கத்தியிருந்தான். மாத்திரை போட்டு அவன் வாயை அடைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் முறத்தை எடுத்து மடியில் வைத்தாள். அவள் பிறந்தது குடியாத்தம். பத்து வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து பீடி இலை வெட்டக் கற்றவள். இலையை ஈரத் துணியில் சுற்றி வைப்பது, தகட்டை வைத்து அளவாக வெட்டுவது, தூளை விரல் நுனியால் பரப்பிச் சுருட்டுவது, முனையை மடித்து நூல் கட்டுவது. கை தானாகச் செய்யும். கல்யாணத்துக்கு அவள் போட்டுவந்த கம்மல் பீடிக் காசு. மகனின் ஸ்கூல் பை பீடிக் காசு. ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியதும் பீடிக் காசு.

கான்ட்ராக்டர் கழித்துத் திருப்பித் தரும் பீடிகள் வீணாகக் கூடாது என்று முறத்தின் ஓரத்தில் தனியாக வைப்பாள். அவர் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்வார். இருபது வருடமாக அவர் கடையில் பீடி வாங்கியதே இல்லை.

அன்று ஒரு பீடியைச் சுருட்டிவிட்டு அவள் நிமிர்ந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காலைப் பார்க்கவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இதை நிறுத்திடறேன்” என்றாள்.

“நிறுத்திட்டு? எனக்கு ரெண்டு மாசம் சம்பளம் இல்ல. நீயும் நிறுத்துனா சோத்துக்கு இன்னா பண்றது?”

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதனால் அன்றைக்கு முடிவு எதுவும் கிடைக்கவில்லை. முறத்தைத் தெருக்கோடியில் இருந்த நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கேயே சுற்றினாள். சாயங்காலம் கை கால் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆனாலும் அவளுடைய முடியில் புகையிலை வாசம் இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பார்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் பின்கட்டில் அவர் பீடியோடு உட்கார்ந்திருப்பதை மகன் பார்த்துவிட்டான். பையன் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பத்து நாள் அது தொடர்ந்தது. பத்தாவது நாள் நான்காவது விரலின் நுனி நீலம் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் திட்டவில்லை. புகையிலையை விட உதவும் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ராத்திரியில் ஆசை எழுந்தால் மறுநாள் பேச, புகையிலைப் பொட்டலங்களில் அச்சாகியிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் குறித்துக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பீடி சுற்றியிருந்தும் அந்த எண்ணை அவள் பார்த்ததில்லை. அவள் கை விட்டுப் போன பிறகுதான் லேபிள் ஒட்டுவார்கள்.

அன்று ராத்திரி அவர்தான் பேச்சை எடுத்தார். “ஆம்பூர்ப் பக்கம் பொம்பளைங்க வீட்டுல உக்காந்தே ஷூவோட மேல்தோலுக்குத் தையல் போடறாங்க. ஜோடிக்கு இவ்ளோன்னு காசு. நான் விசாரிக்கிறேன். தைக்க நான் கத்துத் தரேன்.”

பீடியில் கிடைத்ததைவிட முதலில் காசு குறைவுதான். தோலில் ஊசி இறங்க வலு வேண்டும். முதல் வாரம் அவள் விரல் நுனியெல்லாம் புண். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் தோல் மெலிவு, எங்கே நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவார். மூன்றாவது மாதம் அவள் முறத்தைக் கான்ட்ராக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாத்தனார் இன்னும் பீடிதான் சுற்றுகிறாள். அவள் வீட்டுக்கு வேறு வழி அமையவில்லை.

1988இல் ஹவுஸ்லி என்ற பிரிட்டிஷ் மருத்துவர், நடந்தால் கால் வலிக்கும் நோய்க்கான வைத்தியத்தை ஐந்தே ஆங்கில வார்த்தைகளில் அடக்கினார். புகையை நிறுத்து, நடந்துகொண்டே இரு என்பது அதன் பொருள். புண் ஆறிய பிறகு டாக்டரும் அதையே சொன்னார். வலி வரும் வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட. காலையில் ஓட்டேரிப் பக்கம் நடக்கப் போகிறார் அவர். முதலில் மூன்று முறை நின்ற தூரத்தை இப்போது ஒரு முறை நின்று கடக்கிறார். அடைத்த குழாய் திறக்கவில்லை. பக்கத்துச் சின்னக் கிளைகள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைத் தாங்கப் பழகுகின்றன.

அவள் இப்போது எல்லோர் காலையும் தொட்டுப் பார்க்கிறாள். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து மேலே வரும் கோட்டில், பாதத்தின் மேட்டில் இரண்டு விரல். அங்கே கிடைக்காவிட்டால் உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால். மேல்பாத நாடி சிலருக்கு இயல்பாகவே தட்டுப்படாது, அதனால் இரண்டு இடமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கேயும் கிடைக்காவிட்டால், நடக்கும்போது வலித்து நின்றால் போகிறதா என்று கேட்கிறாள். சர்க்கரை இருக்கும் மாமியாருக்குப் பார்த்தாள், இருந்தது. நாத்தனாரின் கணவருக்கு ஒரு காலில் இல்லை. மறுவாரமே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

ராத்திரி படுக்கும் முன் கணவரின் பாதத்திலும் விரல் வைப்பாள். அவர் இப்போது காலை நீட்டியே தூங்குகிறார்.

“கிடைச்சிதா?” என்பார் கண்ணை மூடியபடி.

“இல்ல” என்பாள். “ஆனா சூடு இருக்குது.”